பொன்னாடை சம்மதமாகாது

1

அமைச்சருக்குப் பொன்னாடை போர்த்தியவள் நான்தான். படத்தைப் பார்த்துவிட்டு ஊரிலிருந்து சிலர் வாழ்த்து அனுப்பியிருந்தீர்கள். "சாந்தினி இப்ப மந்திரிமாரோட நிக்கிறா" என்று மச்சாள் ஒருத்தி எழுதியிருந்தாள். அந்த வாழ்த்துகளைத் திருப்பி அனுப்ப வழியில்லாததால் இதை எழுதுகிறேன்.

நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரில், லின்ஃபீல்டில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் ஒரு பாடசாலை மண்டபம் இருக்கிறது. எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டுவிழா வருடந்தோறும் அங்கேதான் நடக்கும். யாழ்ப்பாணத்தார், தமிழ்நாட்டார், மலேசியாக்காரர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருப்போம்; சாம்பாருக்குச் சீனி போடலாமா என்பதில் மட்டும் சண்டை வரும். சங்கத்தின் செயலாளர் நான். செயலாளர் என்றால் கதிரை அடுக்குவது, மண்டபச் சாவியை வாங்கித் திருப்பிக் கொடுப்பது, பொன்னாடை போர்த்துவது.

பொன்னாடை விஷயத்தில் எங்களுக்குக் கை தாராளம். சென்னைக்கோ கொழும்புக்கோ யார் போனாலும் திரும்பும்போது பெட்டியின் ஓரத்தில் பொன்னாடைகள் அடுக்கி வரும். மேடையேறிய எவரும் வெறுந்தோளோடு இறங்கக்கூடாது என்பது எங்களுடைய எழுதாத சட்டம். நகரசபை உறுப்பினருக்குப் போர்த்தியிருக்கிறோம். பாடசாலை அதிபருக்குப் போர்த்தியிருக்கிறோம். ஒருமுறை விழாவின் நடுவில் மைக் பழுதாகி, ஒனிஹங்காவிலிருந்து அதைத் திருத்த வந்த மனிதருக்கும் போர்த்தினோம். டொங்கா நாட்டுக்காரர், பெரிய உடம்பு. பொன்னாடை அவர் தோளில் கைக்குட்டை போலக் கிடந்தது. ஆனாலும் மனிதர் அதைக் கழற்றாமலே வானை ஓட்டிக்கொண்டு போனார்.

போன ஆண்டுவிழாவுக்கு அமைச்சர் ஒருவர் வந்தார். 'வணக்கம்' என்பதை இரண்டாவது முயற்சியில் சரியாகச் சொன்னார், மண்டபம் அதிர்ந்தது. இந்த நாடு இதுவரை பால்மாவும் இறைச்சியும் விற்றது, இனிச் செயற்கை நுண்ணறிவையும் விற்கும் என்றார். உலகம் காத்திராது, ஆகையால் வழியிலுள்ள தடைகளை அகற்றப் போகிறேன் என்றார். தமிழ் பேசும் நீங்கள் இந்த நாட்டுக்கும் ஆசியாவுக்கும் நடுவே பாலம் என்றார். தட்டினோம் கையை. எந்தத் தடை, எதை விற்கப் போகிறீர்கள், யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் அப்போது அடுத்த நடனப் பிள்ளைகள் உடுத்து முடித்துவிட்டார்களா என்பதில்தான் கவனம். பொன்னாடையைப் போர்த்தினேன். அவர் கும்பிட்டார். படம் எடுத்தார்கள்.

2

என் மகள் ஆரணி கிளென் ஈடனில் தோழியோடு வாடகைக்கு இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அழுக்குத் துணி மூட்டையோடு சாப்பிட வருவாள். நகரத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். மிகவும் சந்தோஷமாகவோ மிகவும் கோபமாகவோ இருந்தால் மட்டும் தமிழ் வரும். அந்த ஞாயிறு வாசலிலேயே தமிழ் வந்தது.

"அம்மா, நீங்கள் கவர்ன்மென்ட் பேப்பரில வந்திருக்கிறீங்கள்."

கைத்தொலைபேசியை நீட்டினாள். அமைச்சர் கும்பிட்டபடி நிற்கிறார். பக்கத்தில் பட்டுப்புடவையில் நான், வாயெல்லாம் பல். செயற்கை நுண்ணறிவு ஏற்றுமதியை ஊக்குவிக்கும் ஒரு சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்திருக்கிறதாம். அதை விளக்க அமைச்சு வெளியிட்ட ஆவணத்தில், 'சமூகங்களுடன் கலந்தாலோசனை' என்ற தலைப்பின் கீழ் எங்கள் படம் இருந்தது. தமிழ்ச் சமூகம் கலந்தாலோசிக்கப்பட்டது, அது இந்த முயற்சியை மனமார ஆதரித்தது என்று படத்தின் கீழே எழுதியிருந்தார்கள்.

"எப்ப கலந்தாலோசிச்சவை?" என்று கேட்டேன்.

"அதுதான், அந்த ஃபங்ஷன்."

"அது பொன்னாடை, பிள்ளை."

"ஸோ?" என்று தோளைக் குலுக்கிவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தாள்.

நான் ஒனிஹங்காவில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் இரத்தம் எடுக்கிறேன். வருகிறவர்கள் கதிரையில் உட்கார்ந்ததும் தாங்களாகவே சட்டைக் கையை மடித்து, கையை நீட்டிவிடுவார்கள். என்றாலும் நான் பெயரைக் கேட்க வேண்டும், பிறந்த திகதியைக் கேட்க வேண்டும், எடுக்கட்டுமா என்றும் கேட்க வேண்டும். ஓம் என்று அவர்கள் வாயால் வராமல் ஊசியைத் தொடக்கூடாது. ஒரு சின்னக் குழாய் இரத்தத்துக்கு இத்தனை மரியாதை வைத்திருக்கிற நாடு, ஒரு பொன்னாடையைப் பார்த்துவிட்டு ஒரு சமூகத்தின் சம்மதத்தை எடுத்துக்கொண்டது. எனக்கு உச்சந்தலையில் சூடேறியது.

சாப்பாட்டுக்குப் பிறகு ஆரணியைப் பக்கத்தில் இருத்தி அந்தச் சட்டமூலத்தை வாசித்தேன். எனக்கு விளங்கியதை உங்களுக்குச் சொல்கிறேன். எந்தச் செயற்கை நுண்ணறிவுப் பொருளையும் அமைச்சர் 'முன்னுரிமை ஏற்றுமதி' என்று ஒரு கட்டளையால் அறிவிக்கலாம். அறிவித்துவிட்டால் அரசாங்கம் பிணை நிற்கும், தூதரகங்கள் அதை விற்றுக் கொடுக்கும். அந்தப் பொருளால் வாங்குகிற நாட்டு மக்களின் உரிமைக்குப் பங்கம் வருமா என்று பார்க்கிற பரிசோதனையை அவர் விரும்பினால் தள்ளி வைக்கலாம். எந்த நாட்டுக்கு, என்ன நிபந்தனையில் என்பதை வியாபார இரகசியம் என்று மூடி வைக்கலாம். பாராளுமன்றத்துக்குப் பிறகு, 'பொருத்தமான நேரத்தில்', தெரிவித்தால் போதும். கட்டளை, கையெழுத்திட்ட கணத்திலிருந்து செல்லும்.

ஆரணியின் நிறுவனம் செய்வது அப்படிப்பட்ட ஒரு பொருள்தான். அரசாங்க அலுவலகங்களுக்கானது. ஓய்வூதியம், நிவாரணம், கடவுச்சீட்டு, காணி என்று மக்கள் அனுப்பும் விண்ணப்பங்களை அது வாசிக்கும், தொலைபேசியில் அவர்கள் பேசுவதையும் கேட்கும், கேட்டுவிட்டுப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கும். பச்சை விழுந்தவருக்கு உடனே அலுவல் முடியும். சிவப்பு விழுந்தவர் மேலதிக விசாரணைக்குக் காத்திருக்க வேண்டும். அண்மையில் அதற்குத் தமிழும் படிப்பித்தார்கள். ஒக்லாந்துத் தமிழர்களுக்காக யாரும் அவ்வளவு செலவழிக்கப் போவதில்லை; அது நம் ஊர் அலுவலகங்களுக்குத்தான் போகும் என்று ஊகித்தேன்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அதற்குத் தமிழ் படிப்பித்தபோது, "அம்மா, இதைக் கொஞ்சம் வாசிச்சுத் தாங்கோ" என்று ஆரணி என்னிடம் வசனங்கள் கொண்டு வந்தாள். 'என்ர விண்ணப்பம் என்ன மாதிரி, தம்பி?', 'நான் பிறந்தது சாவகச்சேரி', 'அவர் காணாமல் போய்க் கனகாலம்.' பிள்ளை தமிழோடு வந்து நிற்கிறாளே என்ற சந்தோஷப் புளுகத்தில் ஒரு மத்தியானம் முழுவதும் வாசித்துக் கொடுத்தேன். ஆக, அந்தப் பொருளுக்குள் என் குரலும் இருக்கிறது. நம் ஊர்ப் பேச்சு எப்படியிருக்கும் என்பதை அது என்னிடமிருந்துதான் பழகிக்கொண்டது.

3

வானொலியில் மாதந்தோறும் வருகிற அந்த வசனம் உங்களுக்கும் நினைவிருக்கும். 'அவசரகாலச் சட்டம் மேலும் ஒரு மாதத்துக்கு நீடிக்கப்பட்டது.' அதற்குப் பிறகு விளையாட்டுச் செய்தி, அதற்குப் பிறகு காலநிலை. கொழும்பு வெள்ளவத்தையில் அறையெடுத்துத் தங்கியிருந்த காலத்தில் அதைக் கேட்டபடியே நாங்கள் தலை சீவினோம், தேத்தண்ணி குடித்தோம். பாராளுமன்ற உறுப்பினர்கள் மாதம் ஒருமுறை கையைத் தூக்கிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அந்தச் சட்டத்தின் கீழ் யார் என்ன ஒழுங்குவிதி போட்டார்கள் என்பது அது எங்கள் கதவைத் தட்டும்போதுதான் தெரியும்.

ஒருநாள் தட்டியது. கொழும்பில் தங்கியிருப்பதற்கு நானும் என் அறைத்தோழியும் பொலிஸில் பதிந்துதான் இருந்தோம். அந்தப் பதிவு செல்லாது, புதிதாகப் பதிய வேண்டும் என்றார்கள். "எப்ப வந்த சட்டம்?" என்று தோழி கேட்டாள். "வர்த்தமானியில வந்திருக்கு" என்றார் வந்தவர். அந்த அரசாங்க இதழை அவரும் பார்த்திருக்கவில்லை. அன்று பொழுதுபடும்வரை பொலிஸ் நிலையத்து வாங்குப் பலகையில், இன்னும் பல பெண்களோடு இருந்தோம். பிறகு போகச் சொன்னார்கள். ஏன் கூப்பிட்டார்கள் என்பதையும் சொல்லவில்லை, ஏன் விட்டார்கள் என்பதையும் சொல்லவில்லை. எங்களை விட மோசமான நாட்களைக் கண்டவர்கள் இதை வாசிக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். எனக்கு நடந்தது ஒன்றுமேயில்லை. ஆனால் கேள்வி கேட்க ஒரு ஆள் இல்லாமல் அந்த வாங்கில் இருந்தது இன்றைக்கும் எனக்கு அவமானமாக இருக்கிறது.

நியூசிலாந்தையும் அதையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இங்கே அமைச்சர் தன் தேநீரைத் தானே ஊற்றிக் குடிக்கிறவர், பிளாஸ்டிக் கதிரையில் உட்காருகிறவர். நல்ல மனிதராகவும் இருக்கலாம். அவருக்கு அடுத்து வருகிறவர் எப்படியோ தெரியாது. ஒரு ஆளின் கையெழுத்தால் சட்டம் பிறக்கலாம், அதைப் பிறகு சொன்னால் போதும் என்றால், அந்த வழக்கம் எங்கே போய் நிற்கும் என்பதை வேறெவரையும் விட நாங்கள் அறிவோம். அதோடு இது இங்கேயே நிற்கிற பொருளும் இல்லை. இங்கே சிவப்பு விழுந்தவர் ஏன் என்று கேட்டுக் கடிதம் போடலாம், முறைப்பாடு செய்யலாம், நீதிமன்றம் போகலாம். அந்தப் பொருள் கப்பலேறும்போது இந்த வசதிகள் துறைமுகத்திலேயே நின்றுவிடும்.

4

சங்கத் தலைவர் செந்தில் திருச்சிக்காரர். வங்கியொன்றில் கணினி வேலை. தங்கமான மனிதர், மழை பெய்கிற இரவிலும் புதிதாக வந்த மாணவர்களை விமான நிலையத்திலிருந்து கூட்டி வருவார். அவரிடம் சொன்னேன்: நாங்கள் யாரும் ஆதரிக்கவில்லை, அந்த வசனத்தை எடுங்கள் என்று சங்கத்தின் பெயரில் எழுத வேண்டும்.

"அக்கா, நமக்கு எதுக்கு இந்த வம்பு? ஒரு போட்டோதானே."

"போட்டோ இல்லை செந்தில், கீழ இருக்கிற வசனம்."

"புரியுதுக்கா. ஆனா தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு மானியம் கேட்டு எழுதியிருக்கோம். இப்பப் போய் இதைச் சொன்னா, போற ஓணானைப் பிடிச்சு வேட்டிக்குள்ள விட்டுக்கிட்ட கதையா ஆயிடும்."

"ஓணான் ஏற்கனவே வேட்டிக்குள்ளதான் நிக்குது. நீங்கள் குனிஞ்சு பார்க்கேல்லை."

சிரித்தார், ஆனால் எழுத ஒத்துக்கொள்ளவில்லை. நீங்கள் உங்கள் பெயரில் எழுதுங்கள் அக்கா, நான் தடுக்க மாட்டேன் என்றார். அவருக்கும் வீட்டுக்கடன் இருக்கிறது, நிரந்தர வதிவிடம் இன்னும் கிடைக்காத ஒரு தம்பி இருக்கிறான். அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பயம் விமானத்தில் கூடவே வருகிற சாமான், அதற்கு எடைக் கட்டுப்பாடு கிடையாது.

அமைச்சுக்கு என் பெயரில் எழுதினேன். உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன், மறுபடியும் நான் முக்கியமானேன். பிறகு மதிய உணவு இடைவேளையில், ஒனிஹங்கா ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு வாங்கிலிருந்து தொலைபேசி எடுத்தேன். ஒவ்வொருவராகக் கை மாற்றிவிட்டு, கடைசியில் ஒரு இளம் அதிகாரி கிடைத்தார். மிகவும் மரியாதையான பிள்ளை.

"பொன்னாடை போர்த்துவது உங்கள் பண்பாட்டில் ஆதரவின் அடையாளம் இல்லையா?" என்று கேட்டார்.

"மைக் திருத்த வந்தவருக்கும் போர்த்தினோம்" என்றேன்.

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, அந்த வசனம் நிகழ்வின் பொதுவான உணர்வைப் பிரதிபலிக்கிறது என்று அமைச்சு கருதுவதாகச் சொன்னார். யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிக்கிறார் என்பது குரலில் தெரிந்தது. வசனத்தை மாற்ற முடியாது, ஆனால் சட்டமூலம் தெரிவுக்குழுவுக்குப் போயிருப்பதால் நீங்கள் அங்கே போய்ப் பேசலாமே என்றும் சொன்னார். இது அவராகச் சொன்னது என்று நினைக்கிறேன். அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும்.

இந்த நாட்டில் இது ஒரு நல்ல வழக்கம். சட்டமூலம் ஒன்றைப் பற்றி, தெருவில் போகிற எவரும் பாராளுமன்ற உறுப்பினர்களின் குழுவுக்கு முன்னால் போயிருந்து சில நிமிடம் கதைக்கலாம். சட்டத்தரணி வேண்டாம், சிபாரிசு வேண்டாம். எங்கள் ஆட்கள் பெரும்பாலும் போவதில்லை. மேடையில் பேசச் சொன்னால் எங்களை இறக்க முடியாது. குழுவுக்கு முன்னால் என்றால் இருமல் வந்துவிடும்.

"உமக்கு வேற வேலையில்லையே?" என்று என் கணவர் கேட்டார். அவர் எந்த விஷயத்துக்கும் முதலில் கேட்பது அதைத்தான்.

"ஊதுற சங்கை ஊதுவம். விடியிற நேரம் விடியட்டும்" என்றேன்.

"ஊதும் ஊதும். அண்டைக்குக் காரைக் கொண்டு போம், சிட்டியில பஸ் பார்த்து நிக்காதையும்" என்றார்.

5

ஆரணிதான் கடினமாக இருந்தாள். நான் பேசப் போவது தெரிந்ததும் துணி மூட்டை இல்லாமல் ஒரு வாரநாளில் வந்தாள். வந்த வேகத்திலேயே தமிழ் வந்தது. இந்த முறை கோபத் தமிழ்.

"எங்கட டீம் முழுக்க மினிஸ்டர் போடுற அந்த ஓர்டருக்காகத்தான் பார்த்துக்கொண்டு இருக்கிறம். அது வராட்டி எங்களில பாதிப் பேருக்கு வேலை இல்லை. உங்களுக்கு விளங்குதா, அம்மா?"

"விளங்குது."

"நாங்கள் விக்காட்டி வேற நாடு இதைவிடக் கூடாததை விக்கும். எங்கட சாமான் நல்லது. அங்க இப்ப ஒரு கிளார்க் கைநீட்டிக் காசு வாங்கிக்கொண்டுதானே ஃபைலை நகர்த்திறான்? மெஷின் காசு கேக்காது."

அவள் சொல்வதில் நியாயமில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அப்படியொரு மனிதனுக்கு முன்னால் நானும் நின்றிருக்கிறேன். ஆனால் அந்த மனிதனிடம் ஒரு வசதி இருந்தது. திட்டலாம், கெஞ்சலாம், அவனுக்கு மேலே இருக்கிறவனிடம் போகலாம், ஆட்சி மாறினால் அவனும் மாறுவான்.

"நான் விக்க வேண்டாம் எண்டு சொல்லேல்லை" என்றேன். "விக்கிறதுக்கு முதல் பாராளுமன்றத்தில சொல்லிப்போட்டு விக்கட்டும். ஆருக்கு விக்கிறம், அந்தச் சனத்துக்கு ஏன் எண்டு கேக்க வழியிருக்கோ எண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லட்டும். வித்துப்போட்டுச் சொன்னால், அது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை."

"வழியிருக்கு. சிவப்பு விழுந்தால் அப்பீல் பண்ணலாம். நான்தானே அந்தப் பகுதியைத் தமிழில செய்தனான்."

"அப்ப அது வாங்கிற எல்லாருக்கும் போகுமோ?"

"ஓம், போகும்தானே" என்று சொல்லிவிட்டு நிறுத்தினாள். பிறகு தொலைபேசியில் தன் நிறுவனத்தின் இணையதளத்தைத் திறந்தாள். யாரும் பார்க்கக்கூடிய பக்கம்தான். என்னென்ன பொதிகள் விற்பனைக்கு உண்டு என்று போட்டிருந்தது. அடிப்படைப் பொதியில் வாசிப்பது இருந்தது, கேட்பது இருந்தது, நிறம் பிரிப்பது இருந்தது. மேன்முறையீடு அதில் இல்லை. வேண்டுமானால் மேலதிகமாக வாங்கிக்கொள்ளலாம் என்று கீழே ஒரு குறிப்பு. நியூசிலாந்துக்குள் வாங்குகிறவர்களுக்கு மட்டும், சட்டப்படி அது கட்டாயம் சேர்ந்து வரும்.

ஆரணி அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அவள் மாதக்கணக்காக இருந்து செய்த வேலை, கார் வாங்கும்போது வேண்டுமா என்று கேட்கிற கால்மிதி மாதிரி ஓரமாகக் கிடந்தது. எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். குடிக்காமல் போய்விட்டாள்.

6

தெரிவுக்குழு ஒக்லாந்துக்கு வந்து, நகரத்து ஹோட்டல் ஒன்றின் கூட்ட அறையில் அமர்ந்தது. நீள மேசைக்கு அந்தப் பக்கம் உறுப்பினர்கள், இந்தப் பக்கம் பேச வந்தவருக்கு ஒரு கதிரை. எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் படங்களும் வரைபுகளும் வைத்திருந்தார்கள். என்னிடம் ஒரு துணிப்பை. அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

என் ஆங்கிலத்தில், என் உச்சரிப்பில் பேசினேன். ஆவணத்திலுள்ள படத்தில் நிற்பவள் நான்தான், எங்களோடு யாரும் கலந்தாலோசிக்கவில்லை என்றேன். அந்தப் பொருளுக்குள் என் குரல் இருக்கிறது, அது எந்த நாட்டு அலுவலகத்தில் இருந்துகொண்டு யாரைக் கேட்கப் போகிறது என்று அறிய எனக்கு உரிமை உண்டு என்றேன். மேன்முறையீடு அடிப்படைப் பொதியில் இல்லாததைச் சொன்னேன். இங்கே உங்கள் மக்களுக்குக் கட்டாயமாக இருப்பதை, எங்கள் மக்களுக்கு விருப்பமிருந்தால் வாங்கலாம் என்று விற்கப் போகிறீர்கள்; அதையும் பாராளுமன்றத்தில் கேட்காமல், ஒருவரின் கையெழுத்தில் அனுப்பப் போகிறீர்கள் என்றேன். வாக்குரிமை மாதிரியே கேள்வி கேட்கிற உரிமையையும் ஒரே ஆளிடம் ஒப்படைக்கக் கூடாது என்றேன். வானொலியில் மாதந்தோறும் வந்த அந்த வசனத்தையும் சொன்னேன்.

ஆளும் கட்சி உறுப்பினர் ஒருவர் சிரித்த முகத்தோடு கேட்டார்: "ஆனால் அம்மையாரே, படத்தில் நீங்கள் மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள். அமைச்சரை வரவேற்றீர்கள், கௌரவித்தீர்கள். அப்படியிருக்க, ஆதரவு என்று அமைச்சு நினைத்ததில் தவறென்ன?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். பையிலிருந்து பொன்னாடையை எடுத்தேன். அமைச்சருக்குப் போர்த்தியதோடு ஒரே பெட்டியில் வந்தது, அதே சரிகைக் கரை. எழுந்து மேசைக்கு அருகே போய், குழுத் தலைவியை நோக்கி இரண்டு கையாலும் நீட்டினேன்.

"எங்களைக் கேட்க வந்தவர்களுக்கு நாங்கள் இதைப் போர்த்துவோம். நீங்களும் கேட்க வந்திருக்கிறீர்கள். ஏற்றுக்கொள்ளுங்கள்" என்றேன்.

தலைவி வயதான பெண்மணி, மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். அவர் முகத்தில் உண்மையான சங்கடம் தெரிந்தது. "மிகவும் அழகாக இருக்கிறது. மன்னிக்க வேண்டும், என்னால் வாங்க முடியாது. பேச வருகிறவர்களிடமிருந்து குழு எதையும் பெறக் கூடாது. அப்படி ஒரு விதி இருக்கிறது" என்றார்.

"நல்ல விதி" என்றேன். "ஒரு பொன்னாடை மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவதற்கே உங்களிடம் விதி இருக்கிறது. அது உங்களை வளைத்துவிடும் என்ற பயம் இருக்கிறது. மனிதரைச் சிவப்பு, பச்சை என்று பிரிக்கிற ஒன்று இந்த நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போவதற்கு, இந்தச் சட்டமூலத்தில் அந்த அளவு விதியாவது எங்கே இருக்கிறது என்று எனக்குக் காட்டுங்கள்."

சிரித்த முகத்துக்காரர் தன் முன்னாலிருந்த தாள்களைப் புரட்டினார். தலைவி, நேரம் முடிந்தது, நன்றி என்றார். பிறகு மெல்லிய குரலில், கேள்வி பதிவாகியிருக்கிறது என்றும் சொன்னார்.

பொன்னாடையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினால், கடைசி வரிசையில் ஆரணி இருந்தாள். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். அவளுடைய மேலாளரும் அந்த அறையில்தான் இருந்தாராம். "இது உன் அம்மாவா?" என்று கேட்டாராம்.

"நீ என்ன சொன்னனீ?" என்று காரில் கேட்டேன்.

"ஓம் எண்டு சொன்னன்."

மேலாளருக்கு ஓம் என்றால் என்ன விளங்கியிருக்கும் என்று இருவரும் சிரித்தோம். பிளொக்ஹவுஸ் பே பக்கம் காரைத் திருப்பினேன். என் கண் நிறைந்துதான் இருந்தது. வீதி தெரியாமல் போய்விடும் என்று துடைத்துக்கொண்டேன்.

7

குழுவின் அறிக்கை இன்னும் வரவில்லை. அமைச்சரின் பக்கம்தான் பெரும்பான்மை. சட்டமூலம் அப்படியே நிறைவேறலாம். நான் போய்ப் பேசியதால் உலகம் தலைகீழாகிவிட்டது என்று உங்களுக்குக் கதை விட மாட்டேன். அமைச்சின் ஆவணத்திலிருந்து எங்கள் படத்தை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். வசனம் இருக்கிறது. அதற்கும் எழுதியிருக்கிறேன், திரும்பவும் நான் முக்கியமானவள் என்று பதில் வந்திருக்கிறது. விடப் போவதில்லை.

ஆரணி தன் நிறுவனத்தில், மேன்முறையீட்டை அடிப்படைப் பொதியில் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். வாடிக்கையாளர் விரும்பினால்தான் என்றார்களாம். அடுத்த கூட்டத்திலும் கேட்கப் போகிறாளாம். வேலையை விடு என்று நான் சொல்லவில்லை. உள்ளுக்குள் இருந்து கேட்கவும் ஒரு ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடி துணி மூட்டையோடு வருகிறாள். அந்தப் பொன்னாடையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் குளிர் பிடித்த வீட்டில் மடிக்கணினியோடு இருக்கிறாள்.

சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டு வந்தேன். அரசியல்வாதிகள் யார் வந்தாலும், பேசி முடித்ததும் சபையிலிருந்து கேள்விகள். அதற்குப் பிறகுதான் பொன்னாடை. செந்தில் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, கேள்வி கேப்போம்னு தெரிஞ்சா அடுத்த வருஷம் யாருக்கா வருவாங்க?"

"பதில் சொல்லக்கூடிய ஆள் வரும், செந்தில்."

மறுபடியும் தலையைச் சொறிந்தார். பிறகு, எல்லோருக்கும் முன்னால், அவர்தான் முதலாவதாகக் கையைத் தூக்கினார். அவருக்குப் பின்னால் மண்டபத்தில் கைகள் எழுந்தன. அமைச்சுக்கு நான் எழுதும் கடிதத்தில் தங்கள் பெயரையும் சேர்க்கச் சொன்னவர்களும் உண்டு.

இந்த வருட விழாவுக்கும் அமைச்சரை அழைத்தோம். மரியாதை மரியாதைதான். அவருடைய அலுவலகத்திலிருந்து செந்திலுக்கு ஒரு விசாரணை வந்தது: சபையிலிருந்து கேள்விகள் இருக்குமா? செந்தில் அதை எனக்கு அனுப்பினார். ஓம், இருக்கும் என்று பதில் போட்டேன். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

விழாவுக்கு எல்லாம் ஆயத்தம். ஆரணியிடமிருந்து திருப்பி வாங்கிய அந்தப் பொன்னாடையைக் கழுவி, மடித்து, அலுமாரியில் வைத்திருக்கிறேன். அமைச்சர் வந்து, கேட்டதற்குப் பதில் சொன்னால் என் கையாலேயே போர்த்துவேன். வராவிட்டால், மைக் திருத்திய அந்த டொங்காக்காரரைக் கூப்பிட்டு மறுபடியும் போர்த்துவேன். அன்று அவர் வேலையை முடித்துவிட்டு, மைக்கை என்னிடம் நீட்டி, இதில் பேசிப் பாருங்கள், கேட்கிறதா என்று பார்ப்போம் என்றுதான் சொன்னார்.